வாய்க்குள் ஒரு ட்யூப்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. முட்டி வலி இப்போது எப்படி? மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன், அறை மட்டும் பார்த்து வை, மாடிப்படி இல்லாததாக. எனக்கு மட்டும் முட்டி புதுசா என்ன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் நீ பதிந்து கொடுத்தாயே ஒரு கேசட், மேலே 'அமெரிக்கா, டான்ஸ்' என்று மட்டும் எழுதி? பரண் சுத்தம் செய்யும்போது கிடைத்தது. டேப் முழுக்கப் பூஞ்சை. ஆனால் அந்த முதல் பாட்டு, ரோபோ பாடுகிறது என்று நாம் சண்டை போட்டோமே, அது மண்டைக்குள் அப்படியே இருந்தது. தம்பி மகனிடம் முணுமுணுத்துக் காட்டினேன். அரை நிமிடத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டான்: ஸாப் குழு, 1980, 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்'. முழுப் பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நம் கேசட்டில் பாதியிலேயே டேப் தீர்ந்துவிடும், நினைவிருக்கிறதா? மீதியில் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன். புதிதாக ஒன்றும் இல்லை! அதே பேஸ், அதே கைதட்டல். ஆனால் ஆறாவது நிமிடத்தில் தலை தானாக ஆட ஆரம்பித்துவிட்டது.

அந்த 'ரோபோ' ராஜர் ட்ரௌட்மன். ஒஹாயோ மாநிலம் ஹாமில்டன் ஊர்க்காரர். லாரி, லெஸ்டர், டெர்ரி என்று சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு நடத்திய குழு. பக்கத்து டேடன் நகரம்தான் இவர்கள் களம். ஒஹாயோ பிளேயர்ஸ், ஸ்லேவ், லேக்சைட் எல்லாம் அந்த ஊர்க் குழுக்கள்தான். இந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்ததில் ராஜரோடு பேஸ் கிட்டார் கலைஞர் பூட்ஸி காலின்ஸுக்கும் பங்கு உண்டு.

நான் இதுவரை அது வோகோடர், அதாவது பாடுகிறவர் குரலையே ரோபோ சத்தமாக மாற்றும் எலெக்ட்ரானிக் கருவி, என்றே நினைத்திருந்தேன். நீயும் அதைத்தான் சொன்னாய், எலெக்ட்ரானிக்ஸ்காரன் என்ற திமிரில். இல்லையடா. அது டாக் பாக்ஸ். சிந்தசைசரின் சத்தம் ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாக பிளாஸ்டிக் ட்யூபுக்குள் போகிறது. ட்யூபின் மறுமுனை பாடகரின் வாயில். தொண்டைக்கு வேலையே இல்லை, வாயும் நாக்கும் அசைந்து சத்தத்துக்கு எழுத்து கொடுக்கின்றன, எதிரே இருக்கும் மைக் அதைப் பிடித்துக்கொள்கிறது. ராக் பாடகர் பீட்டர் ஃப்ராம்ப்டன் 1976லேயே கிட்டாரோடு இதைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் ராஜர் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு முழுப் பாட்டையுமே இப்படிப் பாடினார்.

நம்பிக்கை வராமல் செய்து பார்த்தேன். மீன் தொட்டிக் கடையில் ஒரு மீட்டர் ட்யூப், பழைய ரேடியோ ஸ்பீக்கர், ஒரு புனல், சுற்றிலும் இன்சுலேஷன் டேப். பையன் கீபோர்டை அழுத்தினான், நான் வாயை அசைத்தேன். ஆ, ஓ சுலபமாக வந்தன. ழ பிரமாதம்! ஆனால் 'அம்மா' என்று சொன்னால் 'அப்பா' மாதிரி வந்தது. இரண்டு நிமிடத்தில் மோவாயெல்லாம் எச்சில், பல்லெல்லாம் கூச்சம். இதை வாயில் வைத்துக்கொண்டா அந்த மனுஷன் மேடையில் ஆடினார்?

அப்புறம் 1981இல் வந்த அவர் தனி ஆல்பம், 'தி மெனி ஃபேஸட்ஸ் ஆஃப் ராஜர்'. ஆறே பாட்டு. அதில் மார்வின் கே 1968இல் மூன்றே சொச்சம் நிமிடத்தில் பாடிப் புகழ்பெற்ற 'ஐ ஹெர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்' இருக்கிறது. ராஜர் அதைப் பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்திருக்கிறார். காதலி கைவிடப் போகிறாள் என்பதை ஊர் வாய் மூலம் கேள்விப்படுபவனின் பாட்டு அது. மார்வின் பாடும்போது அவன் வலி கேட்கும். இங்கே யார் குரலும் இல்லாத குரல் ஒன்று பாடுகிறது, அந்த வதந்தியே வாய் திறந்த மாதிரி. எனக்கு மார்வினை விட இது பிடித்துவிட்டது, நீ திட்டுவாய் என்று தெரிந்தே சொல்கிறேன். அதே தட்டில் 'எ சங்க் ஆஃப் ஷுகர்' என்று கிட்டார் மட்டும் பேசும் ஒரு துண்டு உண்டு. டாக் பாக்ஸ் புகழில் அவருடைய கிட்டார் விரல்களை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

1982இல் வந்த இரண்டாவது ஸாப் ஆல்பத்தில் 'டூ வா டிட்டி' கேள். மவுத் ஆர்கன் வருகிறது, அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவே கிராமத்துத் திண்ணை மாதிரி. மூன்றாவது ஆல்பம் சுமார், தவறவிட்டாலும் குற்றமில்லை. 1995இல் ராப் பாடகர்கள் டூபாக், டாக்டர் ட்ரே பாடிய 'கலிஃபோர்னியா லவ்' உன் பையனுக்குத் தெரிந்திருக்கும். அதில் பல்லவி பாடுவதும் இதே ராஜர்தான்.

1999 ஏப்ரலில் டேடனில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், வயது 47. சுட்டது அண்ணன் லாரி, பிறகு தன்னையே சுட்டுக்கொண்டார் என்பது போலீஸ் முடிவு. அந்த ஆல்பங்களில் லாரி வாசித்த கொங்கா மேளமும் இருக்கிறது. இது தெரிந்த பிறகு முதல் ஆல்பத்தை மறுபடி போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மீதியைக் கேட்டேன்.

ட்யூபைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குக் கொண்டுவரவா என்று கேட்டதற்கு வீட்டில் விழுந்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் உன் வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதே.

உன்,
மூர்த்தி