பனங்கையும் பன்னிரண்டு அடியும்

உச்சிப்புளி

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் வந்தது. தடுப்புத் தாண்டும் பயிற்சியில் மகளின் குதிரை தடுப்பருகே நின்றுவிடுகிறதே, வேறு குதிரை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நீ அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்தேன். உன் மகள் திருப்பத்திலேயே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறாள். மூலையைக் குறுக்கி வெட்டுவதால் குதிரை கோணலாக வந்து சேர்கிறது. பதறிப்போய்க் கடைசி இரண்டு தாவலில் (ஓட்டத்தில் குதிரை வைக்கும் எட்டைத்தான் சொல்கிறேன்) முன்னால் சாய்ந்து உதைக்கிறாள். பின்னங்காலில் சேரவேண்டிய பாரம் முன்னங்காலில் விழுந்தால் அது எப்படி எழும்பும்? கடிவாளத்தையும் இழுத்துப் பிடிக்கிறாள். நெற்றிக்கு நேர் முன்னால், மிக அருகில் இருப்பது குதிரைக்குத் தெரியாது. தூரத்திலேயே தலையைத் தூக்கி அளந்துகொள்ளத்தான் அது பார்க்கும். அதையும் தடுத்தால் நிற்காமல் என்ன செய்யும்? போட்டியில் கட்டையைத் தள்ளினாலும் முதல் முறை நின்றாலும் பிழைப்புள்ளி 4தான். ஆனால் நின்று பழகிய குதிரையைத் திருத்துவது பெரும்பாடு.

அக்கா மகனுக்கும் இதே கோளாறுதான். விடுமுறையில் வந்தவனை அரியமான் கரைக்கு அழைத்துப்போனேன். அலை வற்றிய ஈரமணல்தான் சரி. காய்ந்த மணல் குதிரையின் கால் தசைநாணைப் பதம் பார்த்துவிடும். பழைய கூரையில் பிரித்த பனங்கை இரண்டை 60 அடி இடைவெளியில் தரையில் கிடத்தினேன். கேண்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், ஒரு தாவல் ஏறக்குறைய 12 அடி. முதல் கட்டையைத் தாண்டி இறங்க 6 அடி, அடுத்ததற்கு எழும்ப 6 அடி, நடுவே நான்கு தாவல். வாய்விட்டு எண்ணச் சொன்னேன். முதல் சுற்றில் ஆறு, அடுத்ததில் ஐந்து, பிறகு மூன்றரை! கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். திருப்பத்திலேயே கண்ணைத் தூக்கி, தடுப்புக்கு அப்பால் நிற்கும் ஒற்றைப் பனையின் கொண்டையைப் பார்க்கச் சொன்னேன். பார்வை போன பக்கம் தோள் திரும்பியது, தோள் போன பக்கம் குதிரை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உதையும் இல்லை, இழுப்பும் இல்லை. நமக்குச் சவாரி சொல்லித்தந்த உஸ்தாத் இருந்திருந்தால் அப்போதும் திட்டத்தான் செய்திருப்பார்.

உன் மகளுக்கும் ஒரு மாதம் தரைக்கட்டைதான். உயரம் கேட்டு அழுவாள், இரங்கிவிடாதே.

எனக்கு மூட்டுவலி பரவாயில்லை. நெத்திலிக் கருவாடு எடுத்துவைத்திருக்கிறேன்; பார்சலில் வராது, நீதான் வரவேண்டும்.

உன்,
மாப்பிள்ளை