சனிக்கிழமைக் கடன்

பேர்க்கன்ஹெட்,
8 மே 2022

அன்பு மகளுக்கு,

ஒஸ்லோவில் நீ பெண்கள் உதைபந்தாட்டக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாய் என்பதைச் சென்ற கிழமை அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டே வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வயதுப் பிள்ளை இதையுமா மறைக்க வேண்டும் என்று முதலில் மனம் நொந்தது. இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது, மறைப்பதற்கு உன்னிடம் நியாயம் இருக்கிறது என்று விளங்கியது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால், நீ இல்லாமல் நான் தனியே பார்த்து முடித்த லிவர்பூல் பெண்கள் அணியின் பருவகாலத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வராது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசி.

நாம் இருவரும் சேர்ந்து பார்த்த கடைசிப் பெரிய ஆட்டம், 2019 நவம்பரில் ஆண்கள் அணியின் மைதானமான அன்ஃபீல்டில் எவர்ட்டனுக்கு எதிராக நடந்தது. 23,500 பேர் வந்திருந்தார்கள். ஒரே கோலால் தோற்றோம். அந்தப் பருவகாலத்தின் 14 லீக் ஆட்டங்களில் நமக்குக் கிடைத்தது ஒரு வெற்றியும் 6 புள்ளிகளுமே. பெருந்தொற்றால் ஆட்டங்கள் நின்றுபோக, ஆட்டமொன்றுக்கு எத்தனை புள்ளி என்று சராசரி பார்த்து, 2020 ஜூனில் நம்மை இரண்டாம் பிரிவுக்கு இறக்கினார்கள். அதே மாதத்தில்தான் ஆண்கள் அணி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதற்பிரிவுக் கிண்ணத்தை உறுதிசெய்தது. லிவர்பூலுக்கும் நமக்கும் நடுவே ஓடும் மேர்சி ஆற்றுக்கு இருபுறமும் வெடி வெடித்த அந்த இரவில் நீ மாடியறையை விட்டு இறங்கி வரவில்லை. “ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடுவார்கள், காசுள்ள கழகம்தானே” என்று கதவுக்கு வெளியே நின்று நான் சொன்னேன். ஒன்றும் தெரியாமல் சொன்ன வார்த்தை அது. அவ்வாண்டு நவம்பரில் ஆண்கள் கேர்க்பியில் கட்டப்பட்ட புதிய பயிற்சி நிலையத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பெண்கள் தொடர்ந்து ஆற்றுக்கு இந்தப் பக்கம், வலசியில் ட்ரன்மியர் ரோவர்ஸ் கழகத்தின் இடத்திலேயே பயிற்சி செய்தார்கள். காசு இருந்தது உண்மைதான், ஆனால் அது படகேறி இக்கரைக்கு வரவில்லை.

நீ ஒஸ்லோவுக்குப் போன பின், பார்வையாளர் எவருமின்றி நடந்த 2020-21 பருவகாலத்தில் நாம் மூன்றாம் இடத்தில் முடித்தோம். லெஸ்டர் மேலே போனது, டேரம் இரண்டாவதாக வந்தது. இந்தப் பிரிவின் கொடுமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆண்களின் இரண்டாம் பிரிவில் 24 அணிகளில் மூன்று மேலே போகும். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது இடத்தில் முடித்தவர்களுக்குக்கூட மேலதிகச் சுற்று ஒன்றில் வாய்ப்பு உண்டு. பெண்களின் பிரிவில் இந்தப் பருவகாலத்தில் 12 அணிகள், 22 ஆட்டங்கள், மேலே போவது ஒரே ஓர் அணி. இரண்டாவதாக வருபவருக்கும் பத்தாவதாக வருபவருக்கும் அடுத்த ஆண்டு ஒரே வீடுதான்.

இந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே வகையானவர்கள் என்று நினைத்துவிடாதே. லூயிஸ் என்ற சிறிய ஊரின் கழகம் 2017 முதல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாகச் செலவிடுகிறது. டேரம் எந்தப் பெரிய ஆண்கள் கழகத்தின் நிழலிலும் நிற்காத தனி அணி. லண்டன் சிட்டி லயனஸஸ் 2019 இல் மில்வோல் கழகத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போனவர்கள். ஜில் ஸ்கொட், லூசி பிரொன்ஸ், பெத் மீட் எல்லோரையும் வளர்த்துவிட்ட சண்டர்லாண்ட், 2018 இல் உரிமம் கிடைக்காமல் மூன்றாம் பிரிவுக்குப் போய், இந்தப் பருவகாலத்தில்தான் திரும்பி வந்தது. முதற்பிரிவைப் பார்த்தபோது ஐந்தாறு பெயர்களுக்கு அப்பால் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இங்கே ஒவ்வோர் அணிக்குப் பின்னாலும் ஒரு குடும்ப வரலாறு இருக்கிறது. அதை விசாரித்து அறிவதில் எனக்கு எவ்வளவு ஆர்வம் என்பது உனக்குத் தெரியும்.

2021 மே மாதத்தில் மாட் பியர்ட் பயிற்றுவிப்பாளராகத் திரும்பினார். 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளும் நமக்கு முதற்பிரிவுக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்த அதே மனிதர். கதவுகள் திறந்துவிட்டன, இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு, உன் பழைய சிவப்புக் கழுத்துத்துண்டைக் கட்டிக்கொண்டு, நம் பெண்கள் ஆடும் ட்ரன்மியரின் மைதானமான பிரென்டன் பார்க்குக்கு நடந்தேன். முதல் ஆட்டத்திலேயே லண்டன் சிட்டியிடம் 0-1 என்று தோற்றார்கள். திரும்பி வந்து கழுத்துத்துண்டை அலுமாரிக்குள் எறிந்ததை அம்மா உனக்குச் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அதில் ஆரவாரம் எதுவும் இல்லாததுதான். பியர்ட் பின்வரிசையில் மூவரை நிறுத்தினார். நடுவில் கோல்வேயிலிருந்து வந்த அணித்தலைவி நீவ் ஃபாஹி. பார்வையாளர்கள் குறைவு என்பதால், அவர் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் நெருங்கி வரச் சொல்லிக் கூப்பிடுவதும், கோல் காப்பாளர் ரேச்சல் லோஸ் பின்னாலிருந்து அதட்டுவதும் என் இருக்கைவரை கேட்டன. அன்ஃபீல்டின் இரைச்சலில் இந்தப் பேச்சு யாருக்கும் கேட்காது. எந்தப் பந்தை விட்டுவிட வேண்டும், எதற்கு முன்னேற வேண்டும் என்று பதினொரு பேரும் தொண்ணூறு நிமிடமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேயிருக்கும் விளையாட்டு இது என்பதை, இத்தனை ஆண்டுகள் பார்த்தும், இந்தக் குளிர்காலத்தில்தான் கண்டுகொண்டேன். வெஸ்ட் ஹாமிலிருந்து வந்த லியான் கீர்னன் 13 லீக் கோல்கள் அடித்தார். அவர் ஓடத் தொடங்கும்போதே முன்வரிசைக் கிழவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள், அவர்களில் நானும் ஒருவன். ஜனவரியில் அமெரிக்காவின் கேட்டி ஸ்டெங்கல் வந்து சேர்ந்தார். மிஸ்ஸி போ கேர்ன்ஸ் லிவர்பூல் பிள்ளை, கழகத்தின் சிறுமியர் அணியிலிருந்தே வந்தவர். அவர் பந்தைத் தொடும்போது மட்டும் கைதட்டல் வேறு விதமாக ஒலிக்கும்.

இந்தப் பருவகாலத்தின் நடுவில் ஒரு நாள் வந்தது: 2021 டிசம்பர் 5. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், தன்னோடு இணைந்த கழகங்கள் எவையும் பெண்களின் ஆட்டங்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று தீர்மானித்தது. இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருத்தமற்றது என்று காரணமும் சொன்னது. அந்தத் தடைக்கு ஓர் ஆண்டு முன்னர்தான், 1920 நத்தாருக்கு மறுநாள், அக்கரையிலுள்ள குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கேர், சென் ஹெலன்ஸ் என்ற இரண்டு பெண்கள் அணிகள் மோதியதை 53,000 பேர் பார்த்திருந்தார்கள். 53,000 பேர் பார்த்ததை அடுத்த ஆண்டே பொருத்தமற்றது என்று சொல்ல ஒரு கூட்டத்துக்கு எப்படி வாய் வந்தது என்று எனக்குக் கோபம் வந்தது. தடை ஐம்பது ஆண்டுகள் நீடித்து 1971 இல்தான் நீங்கியது. கோபப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், சமையலறை மேசையில் மின்கட்டணச் சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு படிவம் நினைவுக்கு வந்தது.

அது 2007 ஆம் ஆண்டு. உனக்குப் பதின்மூன்று வயது. சிறுமியர் அணியில் சேர்வதற்குப் பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவத்தைப் பாடசாலையிலிருந்து கொண்டுவந்தாய். பயிற்சி சனிக்கிழமை காலையில். தமிழ்ப் பள்ளியும் சனிக்கிழமை காலையில். நான் “வேண்டாம்” என்று சொல்லவில்லை. “பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டணச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். இரண்டு கிழமை கழித்து நீ அதை நீயே எடுத்துக்கொண்டு போனாய், திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன், நீயும் சண்டை பிடித்திருப்பாய், அதில் ஒரு முடிவு வந்திருக்கும். மைதானத்தை மூடியவர்களாவது கூட்டம் கூடித் தீர்மானம் எழுதினார்கள். நான் எழுதக்கூட இல்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் இலங்கையின் பாடசாலைக் கிண்ணங்களை வென்ற செய்திகளை வாசித்து, “எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பாருங்கள்” என்று நண்பர்களிடம் பெருமை பேசியவனும் இதே நான்தான்.

தமிழ்ப் பள்ளி தவறு என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். அந்தச் சனிக்கிழமைகளால்தான் இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாய். ஆனால், காலையை மாலைக்கு மாற்றவோ, வேறோர் அணியைத் தேடவோ, பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவோ என்னால் முடிந்திருக்கும். உன் அண்ணனின் நீச்சல் வகுப்புக்காக நான் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் நினைவிருக்கும்.

பருவகாலத்தின் மீதியைச் சொல்கிறேன். ஏப்ரல் 3 அன்று பிரிஸ்டல் சிட்டியை அவர்களுடைய ஆஷ்டன் கேட் மைதானத்திலேயே 4-2 என்று வென்று, இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே முதலிடத்தை உறுதிப்படுத்தினார்கள். அவ்வளவு தூரம் போக என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. உதைபந்தாட்டச் சங்கத்தின் இணைய ஒளிபரப்பில் பார்த்தேன். அம்மா கடைசிக் கால் மணித்தியாலத்துக்கு வந்து உட்கார்ந்து, யார் நம்மவர் என்று கேட்காமலே கைதட்டினார். மூன்று கிழமை கழித்து பிரென்டன் பார்க்கில் ஷெஃபீல்ட் யுனைட்டட்டைப் பெரிய வித்தியாசத்தில் வென்ற பிறகு ஃபாஹி கிண்ணத்தைத் தூக்கினார். 22 ஆட்டங்களில் 16 வெற்றி, 4 சமநிலை, 2 தோல்வி, 52 புள்ளிகள். முதல் நாள் நம்மைத் தோற்கடித்த லண்டன் சிட்டி இரண்டாவதாக முடித்தது; அவர்கள் அடுத்த ஆண்டும் இங்கேதான்.

ஆனால், என் தூக்கத்தைக் கெடுத்தது நம் அணி அன்று, கொவென்ட்ரி யுனைட்டட். இந்தப் பருவகாலத்தில்தான் அவர்கள் முழுநேர அணியாக மாறியிருந்தார்கள். நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர், கழகம் கலைக்கப்படுகிறது, ஒப்பந்தங்கள் முடிகின்றன என்று வீராங்கனைகளுக்கு அறிவித்தார்கள். வாடகை கட்ட வேண்டிய பெண்பிள்ளைகள் பண்டிகை நேரத்தில் வேலையில்லாமல் நின்றார்கள். ஜனவரி தொடக்கத்தில் ஒருவர் முன்வந்து கழகத்தை வாங்கினார். அணி பிழைத்தது, ஆனால் தண்டனையாக 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. எல்லோரும் அவர்களைக் கணக்கிலிருந்து அழித்துவிட்டோம். மே 1, கடைசி ஆட்டம், வொட்ஃபோர்டுக்கு எதிராக: வென்றால் தப்பலாம், இல்லாவிட்டால் கீழே. 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. 97 ஆவது நிமிடத்தில் மொலி கிரீன் அடித்த சுயாதீன உதை வலைக்குள் போனது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். அதே நொடியில் புல்லில் விழுந்து கிடந்த வொட்ஃபோர்ட் பிள்ளைகளையும் பார்த்தேன். ஓர் ஆண்டு முன்னர்தான் மேலே வந்தவர்கள், இப்போது மீண்டும் மூன்றாம் பிரிவுக்கு. அவர்களுடைய தகப்பன்மார் எங்காவது இருந்து பார்த்திருப்பார்கள்.

செப்டெம்பரில் முதற்பிரிவு ஆட்டங்கள் தொடங்கும். அட்டவணை வந்ததும் அனுப்புகிறேன். விடுமுறை கிடைத்தால் வா, இரண்டு இருக்கை எடுத்து வைப்பேன். இதற்கிடையில், நீ எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. “பந்தைத் துரத்துகிறாளாம்” என்பதற்கு மேல் தகவல் இல்லை. பின்வரிசையா, நடுவா? கணுக்கால் காப்பு வாங்கினாயா? நல்ல சப்பாத்து வாங்கிக்கொள்; அதற்கான பணத்தை வங்கியில் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. எந்தக் கிழமையில் பயிற்சி என்பதையும் எழுது. சனிக்கிழமை என்றால், கட்டாயம் எழுது.

அன்புடன்,
அப்பா