கள்ளு மணம் அடித்த போத்தல்

முள்ளியவளை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மாங்குளம் சந்திப் பக்கம் மாலை நேரத்தில் தணலில் கோழி சுட்டு விற்கப் போகிறாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஏ-9 வீதியில் போகிறவர்கள் இறங்கிக் கால் ஆறுகிற இடம். நல்ல மணம் எழுந்தால் வாடிக்கை தானாக வரும். கடைசிப் பக்கத்தில்தான் ஒரு வரி என்னை உறுத்தியது. பார்பிகியூ சோஸை நீயே காய்ச்சி, பழைய சோடாப் போத்தல்களில் நிரப்பி, ஒரு மாதத்துக்குத் தட்டில் அடுக்கி வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே. ஏன் என்று சொல்கிறேன்.

போன ஆடியில் கனடாவிலிருந்து வந்த அக்காவின் மகன் ஒரு போத்தல் பார்பிகியூ சோஸ் கொண்டுவந்தான். முற்றத்தில் சிரட்டைக்கரி மூட்டிக் கோழி சுட்டோம். சோஸைக் கிண்ணத்தில் ஊற்றி, அதே பிரஷால் பச்சை இறைச்சிக்கும் பூசினோம், சுட்டு இறக்கியதற்கும் பூசினோம். மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் நான்தான் போத்தலுக்குள் திருப்பி ஊற்றினேன். கிண்ணத்தை அலசிய தண்ணீரும் ஒரு மிடறு சேர்ந்து போனது. பிறகு போத்தலை அடுப்படித் தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

இரண்டு கிழமை கழித்து மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று வெளியேறியது. சோஸின் மேலே பொடிக் குமிழிகள் எழும்பி உடைந்துகொண்டிருந்தன. மூடியின் உட்புரியைச் சுற்றிச் சாம்பலும் பச்சையுமாகப் பஞ்சு போல ஒரு வளையம். மூன்று முழத் தூரத்தில் இருந்த அம்மா, "யார் வீட்டுக்குள் கள்ளுக் கொண்டுவந்தது?" என்று கேட்டார். மேலே உள்ளதை வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நான் விடவில்லை. கூழ் போன்ற உணவில் பூஞ்சணம் மேலே பூப்பது கொஞ்சம்தான்; அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். வாழையடியில் குழி வெட்டிப் போத்தலோடு புதைத்தேன்.

அந்தச் சோஸுக்குக் காவல் வினாகிரியும் சீனியும். வினாகிரியும் தக்காளியும் கொடுக்கிற புளிப்பில் பெரும்பாலான கிருமிகள் பெருகமாட்டா. சீனியும் உப்பும் கிருமிக்கு வேண்டிய நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நம் நாட்டு வேடர்கள் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கு எடுத்துத் தின்ன வைத்திருப்பார்கள் என்று 17ஆம் நூற்றாண்டில் இங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார். தேன் அங்கே பார்த்த வேலையைத்தான் இங்கே சீனி பார்க்கிறது. நான் தண்ணீரை ஊற்றி அந்தக் காவலைக் குலைத்தேன்; பச்சைக் கோழியில் பட்ட பிரஷால் கிருமியையும் உள்ளே விட்டேன். தேசிக்காய் ஊறுகாய்ச் சாடிக்குள் ஈரக் கரண்டி போட்டதற்கு அம்மாவிடம் நாம் இருவரும் வாங்கிய ஏச்சு உனக்கு நினைவிருக்கும்.

கடைச் சோஸ் என்றால், திறக்காத போத்தல் வெயில் படாத இடத்தில் ஒரு வருடம் வரை இருக்கும். திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மாதம். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலும் அதைக் கொட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. புளிப்பு அதைத் தாங்கும். மேலே கொஞ்சம் நீர் பிரிந்து நிற்பதும் நிறம் சற்றுக் கறுப்பதும் கெட்டதற்கு அடையாளம் அல்ல, கலக்கினால் சேர்ந்துவிடும். மூடி உப்புவது, நுரைப்பது, கள்ளு மணம், பூஞ்சணம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

நீ காய்ச்சப் போவது வேறு விதம். பனங்கட்டி சேர்ப்பேன் என்கிறாய். அருமையான யோசனை, தணலில் பட்டதும் அதன் மணமே ஆளை இழுக்கும். ஆனால் வெங்காயமும் உள்ளியும் நிறைய அரைத்துப் போடும்போது புளிப்பு குறைந்துவிடும். புளிப்பை அளக்கிற பீ.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால்தான் பொட்டுலிசம் நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. நாக்கு அந்த அளவைச் சொல்லாது. அந்த நஞ்சு மணத்திலும் நிறத்திலும் தெரியாது. ஆகவே சந்தேகம் வந்த போத்தலை விரலில் தொட்டு ருசி பார்க்கவே வேண்டாம். கடைகளுக்கும் போத்தலில் கொடுக்கும் எண்ணம் இருந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தில் முதலில் போய் விசாரி.

இப்போதைக்கு ஒரு கிழமைக்குப் போதுமான அளவு மட்டும் காய்ச்சு. சோடாப் போத்தல் வேண்டாம். சூட்டில் நெளியும், உள்ளே கை போட்டுக் கழுவவும் முடியாது. வாய் அகன்ற சிறு கண்ணாடிப் போத்தல்களைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வை. அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடு. பச்சை இறைச்சிக்கு ஒரு கிண்ணமும் ஒரு பிரஷும், வெந்ததற்கு வேறு. வீட்டில் காய்ச்சியது வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது. வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். சோழகக் காற்று அடிக்கிற வெயில் மாதங்களில், அதுவும் தணலுக்குப் பக்கத்தில், எந்தக் கணக்கு என்று உனக்கே தெரியும். பச்சைக் கோழியில் பட்ட கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடு, மனம் வலித்தாலும்.

கடன் வாங்கித் தொடங்குகிறாய் என்பதும் உன் கடிதத்தில் இருந்தது. ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் போதும், சந்தியில் உன் பெயர் போய்விடும் என்ற பயத்தில்தான் இவ்வளவு எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டுசுட்டான் வழியாக வருகிற காலை பஸ்ஸில் வருகிறேன். ஜாம் போத்தல்கள் பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். மூடி துருப்பிடித்த இரண்டை ஒதுக்கினால் பத்து. பனங்கட்டியும் ஒரு குட்டான் கொண்டுவருவேன். நான் வரும்வரை அடுப்பை மூட்டாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்