ஜவலின் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. பதில் பிந்தியதற்கு முழங்காலும் காரும்தான் காரணம். முழங்காலைப் பார்த்த டொக்டர் குந்தி இருந்து வேலை செய்யாதே என்றார், காருக்கு நானே டொக்டர் என்பதால் அதைத் தடுக்க ஆள் இல்லை. மூத்தவளுக்குப் பொருந்திவிட்டது என்று எழுதியிருந்தாய், வாசித்த உடனே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாள் குறித்ததும் அறிவி, ரிக்கற் போட வேண்டும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கார் என்கிறாய், ஜேர்மனியில் பூட்டியது என்கிறாய், இதில் எது பொய் என்று கேட்டிருந்தாய். இரண்டும் மெய்தான். கார் ஏ.எம்.சி. ஜவலின். ஏ.எம்.சி. என்றால் அமெரிக்கன் மோட்டார்ஸ், ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்ட், கிறைஸ்லர் என்ற மூன்று யானைகளின் காலுக்குள் ஓடித் திரிந்த நாலாவது கொம்பனி. ஃபோர்ட் 1964இல் மஸ்ராங் காரை இறக்கிச் சந்தையை அள்ளிக்கொண்டு போக, இவர்களும் சும்மா இருக்க முடியாமல் 1968 மாடலாக ஜவலினை இறக்கினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா என்ற ஏரிக்கரை ஊர்தான் அவர்களின் கோட்டை. ஐரோப்பாவில் விற்பதற்கென்று காரை உதிரிகளாகப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி அனுப்ப, இங்கே கார்மன் கொம்பனி தன் றைனே தொழிற்சாலையில் பூட்டி எடுத்தது. (றைன் நதிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, இது எம்ஸ் ஆற்றங்கரை. நானும் முதலில் குழம்பியவன்தான்.) கார்மன் என்றால் ஃபொக்ஸ்வாகனின் கார்மன் கியா, கூரை மடிக்கிற பீட்டில் கப்ரியோ செய்த அதே கார்மன். அதற்கு முன் பெல்ஜியத்தில் றெனோ கொம்பனி ஏ.எம்.சி.யின் ராம்ப்ளர் கார்களைப் பூட்டி விற்றது, அது 1967இல் நின்றுபோனது.

ஏன் இந்தச் சுற்று வழி என்று கேட்பாய். முழுக் காராக இறக்கினால் தீர்வை கூட, உதிரியாக இறக்கி உள்ளூரில் பூட்டினால் குறைவு. உலகம் முழுக்க இதே கணக்குத்தான். ஆனால் கணக்குச் சரியாக இருந்தும் வியாபாரம் சரிவரவில்லை. 1968 முதல் 1970 வரை பூட்டியது மொத்தம் 280 கார், அவ்வளவுதான். எஞ்சின் கொள்ளளவுக்கு வரி போடுகிற நாட்டில், பெற்றோலை லீற்றர் லீற்றராகக் குடிக்கிற 5.6 லீற்றர், எட்டுச் சிலிண்டர் வி8 எஞ்சினை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? இங்கே பூட்டிய காருக்கு வைத்த பெயர் ஜவலின் 79-கே. கே என்பது கார்மனுக்கு. பிறகு ஏ.எம்.சி.யை 1987இல் கிறைஸ்லர் விழுங்கியது, கார்மன் 2009இல் வங்குரோத்தானது. பெற்றவளும் போய் வளர்த்தவளும் போன பிள்ளை ஒன்று என் கொட்டிலில் நிற்கிறது.

எப்படி என் கைக்கு வந்தது என்று கேட்காதே, எவ்வளவு கொடுத்தேன் என்று கட்டாயம் கேட்காதே. முழுத்தொகை மனைவிக்கே தெரியாது, நீ உன் வீட்டில் சொல்ல, அது அங்கிருந்து சுற்றி இங்கே வரும். கராச்சுக்கு வந்துபோகும் ஒரு வயோதிபர் மாட்டுத்தொழுவத்தில் வைத்திருந்தார், வைக்கோல் தூசிக்குக் கீழே, நாலு ரயரும் காற்றுப் போய். பழைய பதிவுப் புத்தகத்தில் முதல் பதிவு 1969, வகை என்ற இடத்தில் 79-கே. அந்தப் பெயருக்காகத்தான் விலை கூடச் சொன்னார்.

அரிய வாகனம், அரிய வாகனம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், அரிது என்பது வைத்திருப்பவனுக்குத் தலைவலிக்கு இன்னொரு பெயர். மஸ்ராங் வைத்திருப்பவன் கதவு ரப்பரிலிருந்து கூரைத் துணி வரை புதிதாகச் செய்ததைப் பட்டியல் பார்த்து வாங்குகிறான். எனக்கு ஒரு வால்லைற் கண்ணாடி தேட எட்டு மாதம். எஞ்சின் பக்கம் பரவாயில்லை, இந்த வி8 வம்சம் ஜீப் கிராண்ட் வாகனியரில் 1991 வரை ஓடியது, டிஸ்ரிபியூற்றர் மாதிரிச் சில சாமான்கள் அதிலிருந்து பொருந்தும்.

போன வருடம் ஒயில் அமுக்கத்தில் மாட்டிக்கொண்டேன். குளிரில் முள் நன்றாக நிற்கும், சூடேறி நின்ற இடத்தில் இயங்கவிட்டால் சதுர இஞ்சிக்கு 8 இறாத்தலுக்கு இறங்கிவிடும். இந்த எஞ்சினில் ஒயில் பம்ப் தனியாக இல்லை, முன்பக்க அலுமினியக் கவருக்குள்ளேயே பற்சக்கரம் சுழல்கிறது. கவரின் உட்சுவர் தேய்ந்தால் பம்ப்பும் தேய்ந்த மாதிரி. கழற்றிப் பார்த்தேன், உள்ளே வளைய வளையமாகக் கீறல், நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவன் அழுக்கு ஒயிலோடு ஓடியிருக்கிறான். அமெரிக்காவில் ஒரு கடைக்குக் காசு கட்டினேன், படத்தில் ஒன்று பெட்டியில் வேறொன்று, துளைகள் ஒத்துவரவில்லை. திருப்பி அனுப்பிச் சரியானது வர இரண்டு மாதம், இடையில் சுங்கத்துக்கு வேறு அழுதேன்.

கவரைக் கழற்றும்போது இன்னொரு கூத்து. ஒரு போல்ட் மட்டும் வராமல் அடம்பிடித்தது. கடைசியில் வந்ததைப் பார்த்தால் 8 மில்லிமீற்றர் போல்ட். இருக்க வேண்டியது ஐந்தின்கீழ் பதினாறு இஞ்சி, அதாவது 7.94 மில்லிமீற்றர். விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், புரிதான் வேறு. இரண்டு சுற்று இலகுவாகப் போகும், மூன்றாவதில் இறுகும், அந்த இடத்தில் அறிவுள்ளவன் நிறுத்துவான், இந்த மனுசன் நீட்டுக் கம்பி போட்டு முறுக்கியிருக்கிறான். இங்கே எங்கள் கராச்சில் உள்ள பெடியன்கள் அருமையான வேலைக்காரர், ஆனால் இஞ்சி என்றால் ரிவி அளக்கத்தான் என்று நினைக்கிறார்கள். அரை இஞ்சித் தலைக்கு 13 ஸ்பனரைப் போட்டு மூலையை மழுக்கிவிடுவார்கள். என் காரில் கை வைக்க ஒருவனையும் விடுவதில்லை.

அப்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் நாம் வேலை பழகிய ஸ்ரான்லி வீதிக் கராச்தான் நினைவுக்கு வருகிறது. முதலாளி காருக்குக் கீழே படுத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார், ஏழின்கீழ் பதினாறு என்பார், நாங்கள் மாற்றிக் கொடுத்தால் அது திரும்பிப் பறந்து வரும். உன் கணுக்காலில் ஒரு தழும்பு இருக்குமே, அது அரை இஞ்சியா, ஒன்பதின்கீழ் பதினாறா? இருட்டில் தடவியே அளவு சொல்லப் பழகினோம். அந்தக் கை இப்போது இங்கே உதவுகிறது.

மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றிப் பெடியன்களுக்குச் சொன்னேன், நம்பவில்லை. யுத்தத்தோடு பெற்றோல் தடை, பழைய ஒஸ்ரின் ஏ40 கார் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது, சின்னப் போத்தலால் கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் பீச்சி உயிர் கொடுத்து, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு விடுவோம் என்றேன். ஒருவன் ஜவலினில் அப்படிச் செய்யலாமா என்று கேட்டான். ஏ40 பாவம், குறைந்த அமுக்க விகிதம், எதைக் கொடுத்தாலும் இருமிக்கொண்டு ஓடும். இது பத்துக்கு மேலே அமுக்க விகிதம், 280 குதிரை, 98 ஒக்ரேன் ஊற்றினால்தான் முகம் கொடுத்துப் பேசும். நூறு கிலோமீற்றருக்கு 20 லீற்றர். அந்த நாளில் 20 லீற்றர் பெற்றோல் நமக்குக் கிடைத்திருந்தால் ஒரு வருடம் சொட்டுச் சொட்டாகப் பீச்சியிருப்போம்.

வரிதான் ஆறுதல். முப்பது வயது கடந்து ஒழுங்காக வைத்திருந்தால் இலக்கத் தகட்டின் முடிவில் எச் எழுத்துத் தருகிறார்கள், பிறகு எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் வருடத்துக்கு 191 யூரோ சொச்சம்.

இங்கே ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு இதில்தான் போனேன். தேரைக் கும்பிட்டுவிட்டு வந்தால் காரைச் சுற்றிச் சனம். "அண்ணை, இது மஸ்ராங்கா கமரோவா?" ஜவலின் என்றால் அப்படி ஒரு கார் இல்லை என்று எனக்கே சொல்கிறான் ஒருவன். ஒரு சின்னப் பெட்டை மட்டும் கதவைத் தடவித் தடவிக் கைபிடி எங்கே என்று தேடியது. இதன் கைபிடி கதவோடு மட்டமாக உள்ளே பதிந்திருக்கும், விரலை விட்டுத் தூக்க வேண்டும். கதவுக் கண்ணாடி ஒரே துண்டு, ஏ40இல் நாம் திறந்து காற்று வாங்குகிற முக்கோணக் கண்ணாடி இதில் கிடையாது. பிள்ளைக்குத் திறந்து காட்டினேன், ஏறி இருந்துவிட்டு இறங்க மறுத்துவிட்டது.

றைனேக்கும் ஒருநாள் ஓட்டிப் போனேன், பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் ஒரு கிழவர் கார்மனில் வேலை செய்ததாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜவலின் பூட்டியது நினைவிருக்கிறதா என்றேன். தான் ஒஸ்னாபுறூக்கில் கப்ரியோவுக்குக் கூரை தைத்ததாகவும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றும் சொல்லிவிட்டு, ரயருக்குக் காற்றுக் குறைவு என்று காட்டினார். குறைவுதான்.

ஒல்லாந்திலிருந்து ஒருவன் விலை பேசுகிறான், நல்ல விலை. 280இல் ஒன்று என்பதற்காக மட்டும் கேட்கிறான், வாங்கிக் கண்ணாடிக் கொட்டகைக்குள் வைப்பானாம், ஓட்ட மாட்டானாம். இன்னும் பதில் சொல்லவில்லை. மகன் வித்துவிடுங்கோ அப்பா என்கிறான், அவன் மின்சாரக் கார் வைத்திருக்கிறான், அதற்குப் பொனற் திறந்தால் தண்ணீர் ஊற்ற மட்டும் ஒரு ஓட்டை.

ஒரு உதவி. முதலாளி அரை இஞ்சி ஸ்பனர் ஒன்றை நெருப்பில் காய்ச்சி வளைத்து வைத்திருந்தாரே, ஏ40இன் புகைக்குழாய் நட்டுக்கென்று, அது உன் பெட்டிக்குள்தான் கிடக்கும். ஜவலினில் பின்சிலிண்டர்ப் பக்கம் ஒரு நட்டுக்கு எந்த ஜேர்மன் ஸ்பனரும் எட்டவில்லை. தேடி எடுத்து வை. கலியாணத்துக்கு வரும்போது கொண்டுபோகிறேன். கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் போட வேண்டும், பலகாரத்துக்கு இடம் குறையும் என்று இவள் இப்போதே சண்டை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு.

உன்,
மச்சான்