பொம்மைகள் நடித்தால் சிறுவர் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறையில் குழந்தைகளோடு பார்க்கலாம் என்று தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் சில படங்களைச் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி, ஒன்பது வயது மகளுடன் 'மேரி அண்ட் மேக்ஸ்' பார்க்க உட்கார்ந்தேன். களிமண் பொம்மைகள், எட்டு வயதுச் சிறுமி, முன்பின் தெரியாத ஒருவருக்கு அவள் எழுதும் கடிதங்கள். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு ரசித்தாள். போகப் போக, சிறுமியின் அம்மா குடிக்கு அடிமை என்று தெரிகிறது. கடித நண்பர் மேக்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறார். வளர்ந்து பெரியவளான மேரி உயிரை விடத் துணியும் இடத்தில் நான் பதறி நிறுத்தினேன். "அந்த அக்கா ஏம்மா அப்படிப் பண்றாங்க?" என்று மகள் கேட்டாள். அன்று இரவு அவள் விளக்கை அணைக்க விடவில்லை.

படத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் தூங்கியபின் மிச்சத்தைத் தனியாகப் பார்த்து அழுதேன். நியூயார்க்கில் தனியாக வாழும் 44 வயது மேக்ஸுக்கு எதிரில் இருப்பவரின் முகக்குறிப்பு புரியாது. அப்படிப்பட்டவருக்கு எழுத்தில் வரும் நட்பு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஒரு களிமண் முகத்தில் காட்டிவிட்டார் இயக்குநர் ஆடம் எலியட். 2009-இல் வந்த படம். வீட்டில் குழந்தை இல்லாதிருந்தால் அந்தச் சிறுவர் பக்கத்தைப் புரட்டியிருக்கவே மாட்டேன். என்னைப் போன்றவர்களுக்காக எடுத்த படம் இத்தனை வருடம் என் கண்ணில் படாமலே கிடந்திருக்கிறது.

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் தனிப் படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் முறை தொடக்கத்திலிருந்தே பெரியவர்களின் கதையையும் சொல்லி வந்திருக்கிறது. 1912-லேயே ஸ்டாரெவிச் என்ற இயக்குநர் வண்டுகளையும் பூச்சிகளையும் வைத்து, கணவன் மனைவி இருவருமே ஒருவரையொருவர் ஏமாற்றும் கதையை எடுத்தார். செக் நாட்டின் பொம்மைப் பட இயக்குநர் த்ருன்கா 1965-இல் எடுத்த 'கை' என்ற குறும்படத்தில் பூந்தொட்டி செய்ய விரும்பும் ஒரு கலைஞனை ராட்சதக் கை ஒன்று தன் உருவத்தைச் செதுக்கச் சொல்லி மிரட்டுகிறது. த்ருன்கா இறந்தபின் அரசு அதைத் தடை செய்தது. ஆட்சியாளர்கள் அதை விளையாட்டுப் பொம்மையாகப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் முயன்று பார்த்தோம். புத்தக அடுக்கின் மேல் செல்பேசியை நிறுத்தி, களிமண் பொம்மை நாற்காலியிலிருந்து எழுவதைப் படமெடுத்தோம். நொடிக்கு 12 அசைவு, 5 நொடிக்கு 60 படம். 41-வது படத்தில் என் முழங்கை இடித்து நாற்காலி நகர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. எழுந்து நிற்கும் அந்தப் பொம்மையிடம் நாங்கள் நினைக்காத ஒரு தயக்கம் வந்திருந்தது. 'அனோமலிசா' என்ற ஸ்டாப் மோஷன் படத்தின் அருமை எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அதில் பொம்மைகளின் முகத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனியாகச் செய்து, உணர்ச்சிக்கு ஏற்ப மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். வழக்கமாகக் கணினியில் அழித்துவிடும் அந்த இணைப்புக் கோட்டை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். நாயகனுக்குப் பிறர் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே குரல். ஒரே ஒரு பெண்ணின் குரல் மட்டும் வேறாகக் கேட்கும்போது அவன் விடுதி நடையில் ஓடிக் கதவு கதவாகத் தட்டுகிறான். நடுவயதைக் கடந்தவர்களுக்குத்தான் அந்த ஓட்டத்தின் அவசரம் தெரியும்.

ஆகவே இந்தப் படங்களைச் சினிமா பக்கத்தில், மற்ற படங்களுக்குச் சமமாக, முழு விமர்சனத்தோடு எழுதுங்கள். எந்த வயதினருக்கு என்பதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பட்டியலை எழுதியவர் தானே ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் போதும். அதுவரை, நாளைய இதழில் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள். விடுமுறை முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி