கூடங்குளத்திலிருந்து வெளியேற எத்தனை மணி நேரம்? காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும், திருநெல்வேலி, கன்னியாகுமரி, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும்,

வணக்கம்.

கூடங்குளம், கல்பாக்கம் அணுமின் நிலையங்களைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. நிலையத்தில் விபத்து நடந்து, வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால், அந்த நிமிடத்திலிருந்து கடைசி ஆள் வட்டத்தைத் தாண்டும்வரை எத்தனை மணி நேரம் ஆகும்? ஒவ்வோர் ஊருக்கும் இதைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

செட்டிநாட்டுக்காரனுக்குக் கூடங்குளத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். அப்புறம், நான் அரசுப் பேருந்தில் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குன்றக்குடி தைப்பூசம், பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி சதுர்த்தி என்று எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்கெல்லாம் ஸ்பெஷல் பஸ் விட்டவன். ஒரு கூட்டத்தை ஓரிடத்திலிருந்து கிளப்புவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக்குக் கூட்டம் நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வந்து சேரும். தேர் நிலைக்கு வந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் பஸ் இருக்கும், டிரைவர் இருப்பார், ஆனால் பஸ் திரும்ப இடம் இருக்காது. முக்கில் நான்கு வேன் குறுக்கே நின்றால் பின்னால் நாற்பது பஸ் நின்றுவிடும். எத்தனை பஸ் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று அறிக்கை கொடுப்பது சுலபம். எத்தனை மணிக்குக் கூட்டம் கரையும் என்பதை அந்த முக்குதான் முடிவு செய்யும். அணு உலைப் பக்கத்து ஊர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே கூடவே பயமும் இருக்கும்.

அமெரிக்காவில் 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நடந்தபோது, ஐந்து மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளும் பள்ளிப் பருவம் எட்டாத குழந்தைகளும் வெளியேறினால் நல்லது என்று மட்டும்தான் ஆளுநர் சொன்னார். கிளம்பிப் போனவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். யாரைப் போகச் சொல்லவில்லையோ அவர்களும் கிளம்புவார்கள், அவர்களும் அதே ரோட்டில்தான் வருவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒவ்வொரு அணுமின் நிலையத்தைச் சுற்றியும் பத்து மைல், அதாவது 16 கிலோமீட்டர் வட்டத்துக்கு, வெளியேறும் நேரத்தைக் கணக்கிட்டாக வேண்டும் என்று விதி வந்தது. பகல், இரவு, வேலை நாள், விடுமுறை, மழை, திருவிழா, ஒரு சாலை அடைபட்டால் என்று ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனி நேரம் உண்டு. வண்டி உள்ளவர்கள், வண்டி இல்லாதவர்கள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் தனித்தனிக் கணக்கு. மக்கள்தொகை கூடி, அதனால் நேரம் அரை மணியோ கால் பங்கோ, எது குறைவோ அந்த அளவுக்கு உயர்ந்தாலே புதுக் கணக்குப் போட வேண்டும் என்று 2011-இல் சேர்த்தார்கள்.

இந்த நேரம் தேர்வு மதிப்பெண் மாதிரி தேறியதா தேறவில்லையா என்று பார்ப்பதற்காக இல்லை. முடிவெடுக்கத் தேவைப்படுகிறது. கதிரியக்கம் வெளியே வர எட்டு மணி நேரம் இருக்கிறது, ஊர் காலியாக ஐந்து மணி போதும் என்றால் உடனே கிளப்பலாம். கதிரியக்கம் மூன்று மணியில் வந்துவிடும், ஊர் காலியாக ஒன்பது மணி ஆகும் என்றால் ஜனங்களை நடுரோட்டில் கொண்டுபோய் நிறுத்துவதைவிட, கதவு ஜன்னலை அடைத்து வீட்டுக்குள் இருக்கச் சொல்வதே மேல். இரண்டாவது எண் கையில் இல்லாத ஆட்சியர் எதை வைத்து முடிவெடுப்பார்?

கணக்குக்காக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். எண்ணாயிரம் பேர். மூவாயிரம் பேர் சொந்த வண்டியில் போய்விடுகிறார்கள். மீதி ஐயாயிரம் பேர் பஸ்ஸை நம்பி நிற்கிறார்கள். ஒரு பஸ்ஸில் நெருக்கி ஏற்றினால் எழுபது பேர். ஆக 72 டிரிப். பன்னிரண்டு பஸ் கிடைத்தால் பஸ்ஸுக்கு ஆறு நடை. முகாம் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், ஏற்ற இருபது நிமிடம், போக ஒரு மணி, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப முக்கால் மணி, ஒரு நடைக்கு இரண்டு மணிக்கு மேல். கடைசி ஆள் முகாமுக்குப் போய்ச் சேரப் பதினோரு மணி நேரத்துக்கும் அதிகம். பஸ்ஸை இரட்டிப்பாக்கினால் அது ஐந்தரை மணி நேரமாகக் குறைகிறது. அல்லது 16 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரு பள்ளி மைதானத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து முகாமுக்கு வேறு பஸ்ஸில் அனுப்பினால், அதே பன்னிரண்டு பஸ்ஸை வைத்தே எட்டு, எட்டரை மணியில் வட்டத்தைக் காலி செய்துவிடலாம். டெப்போவில் உட்கார்ந்தவர்களுக்கு இது சாதாரணக் கணக்கு. ஆனால் முன்கூட்டிப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

பஸ் எங்கிருந்து வரும் என்பதும் முக்கியம். வள்ளியூர், திசையன்விளை, நாகர்கோவில் டெப்போக்களில் அந்த நேரத்தில் நிற்கிற பஸ் மட்டும்தான் முதல் நடைக்கு உதவும். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு அனுப்புவதுபோல எங்கள் பக்கத்திலிருந்தும் அனுப்பலாம்தான். காரைக்குடியிலிருந்து மதுரை, நெல்லை வழியாகக் கூடங்குளம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். காலி வண்டியாகவே விட்டாலும் ஆறேழு மணி நேரம். அந்த பஸ்களைக் காகிதத்தில் முதல் சுற்றில் சேர்த்துவிடாதீர்கள். டிரைவர்களையும் யோசியுங்கள். அவர்கள் குடும்பமும் அதே வட்டத்துக்குள் இருக்கலாம். வீட்டாளைப் பத்திரமாக ஏற்றிவிட்டோம் என்று தெரிந்தால்தான் ஒரு டிரைவர் மறுபடி உள்ளே போவார். அது நியாயம்தானே.

செர்னோபில் விபத்து நடந்தது 1986 ஏப்ரல் 26 பின்னிரவில். பக்கத்தில் இருந்த பிரிபியாட் நகரத்தை மறுநாள் பிற்பகலில்தான் காலி செய்தார்கள். 45,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சுமார் மூன்று மணி நேரமே ஆனது. காரணம், கீவ் நகரத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் முன்னதாகவே வந்து காத்திருந்தன. அங்கே உத்தரவுக்காகத்தான் ஒரு நாளுக்கு மேல் வீணானது.

ஜப்பானில் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது வேறு மாதிரி. 2011 மார்ச் 11 இரவு மூன்று கிலோமீட்டர், மறுநாள் காலை பத்து, மாலையில் இருபது என்று உத்தரவு மாறிக்கொண்டே போனது. ஒரே குடும்பம் முகாம் விட்டு முகாம் அலைந்தது. நமியே ஊர்க்காரர்கள் பலர் வடமேற்கே போனார்கள். கதிரியக்கத்தைக் காற்று கொண்டுபோனதும் அதே திசையில்தான். அந்தத் தகவல் அரசிடம் இருந்தது, அவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஃபுதாபா மருத்துவமனையின் வயதான நோயாளிகளைச் சரியான துணையில்லாமல் பல மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோனதில், இடமாற்றத்தின்போதும் அதை ஒட்டியும் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அவசரமாக, கணக்கில்லாமல் வெளியேற்றுவதும் ஆளைக் கொல்லும்.

கூடங்குளத்துக் கணக்கு அங்குள்ள வாழ்க்கையை வைத்துப் போட வேண்டியது. இடிந்தகரையிலும் பெருமணலிலும் பகலில் உத்தரவு வந்தால் ஆண்களில் பலர் கடலில் இருப்பார்கள். படகு கரைக்கு வராமல் எந்தப் பெண் பஸ் ஏறுவாள்? பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பள்ளியிலிருந்தே பஸ்ஸில் நேராக முகாமுக்குக் கொண்டுபோவோம், எந்தப் பள்ளி எந்த முகாம் என்று பெற்றோருக்கு முன்பே சொல்லாவிட்டால், என் மகள் உட்பட ஒவ்வொரு தாயும் பள்ளியை நோக்கித்தான் ஓடுவாள். ஊரைவிட்டுப் போகிற வண்டிக்கு எதிரே பள்ளிக்குப் போகிற வண்டி. செய்தி கேட்பது, வேலையை விடுவது, வீடு சேர்வது, கிளம்பத் தயாராவது என்று வண்டி ஏறுவதற்கு முன்னால் போகிற நேரம்தான் பல ஊர்களில் பெரிய நேரமாக இருக்கும். காகிதத்தில் அதைத்தான் ரொம்ப குறைவாகப் போடுவார்கள்.

மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளின் கட்டுமானத்துக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் எந்த ரேஷன் அட்டைக் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்களுக்கு இந்தியிலும் வங்காளத்திலும் அறிவிப்பு வேண்டும். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பழைய தலைக்கணக்கை நம்பவும் முடியாது. சபரிமலை சீசனில் கன்னியாகுமரிக்கு வரும் வேன்களும் அதே நெடுஞ்சாலையில்தான் நிற்கும். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதே, அந்த மாதிரி ஒரு நாளில் எந்தெந்தத் தரைப்பாலம் மூழ்கும், எந்த ஊருக்கு வழியே இருக்காது என்று கணக்கில் எழுதியிருக்க வேண்டும். எங்களுக்கும் கஜா புயல் இதைக் காட்டியது. 2018-இல் புதுக்கோட்டைப் பக்கம் மரம் விழுந்து அடைத்த சாலைகளைத் திறந்த பிறகுதான் மற்ற எதுவும் நகர்ந்தது.

கல்பாக்கத்துக்கும் இதெல்லாம் பொருந்தும். மாமல்லபுரத்துக்கு வார இறுதியில் வருகிறவர்களையும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அந்த மக்கள் பல வருஷமாக அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்கள். அவர்களைக் குழந்தைகளாக நடத்த வேண்டாம். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கையும் நான் இங்கே இழுக்கவில்லை. உலை ஓடுகிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். சுவரில் ஒட்டினால் நூறு திருத்தம் வரும். இந்தப் பாலத்தில் பஸ் ஏறாது, இந்தத் தெருவில் படுக்கையில் கிடப்பவர்கள் ஆறு பேர், இந்த மைதானத்தில் ஆடியில் சந்தை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதை எந்த மென்பொருளும் சொல்லாது.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நிலையத்துக்கு வெளியே ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. 2012-இல் நக்கனேரியில் நடந்ததுபோல ஒரு சிற்றூரோடு அதை முடித்துவிடாமல், அடுத்ததை ஒரு முழு ஊராட்சியில் வையுங்கள். இருட்டிய பிறகு வையுங்கள். முதல் அறிவிப்பு எத்தனை மணி, முதல் பஸ் எத்தனை மணி, கடைசி பஸ் எத்தனை மணி என்று குறித்து, வந்த நேரத்தை, அது எவ்வளவு மோசமாக இருந்தாலும், அப்படியே வெளியிடுங்கள். நேரம் குறிக்க ஆள் வேண்டுமென்றால், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற டைம் கீப்பர்களும் செக்கர்களும் சிலர் வரத் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம். தங்க ஒரு பள்ளிக்கூடமும், எந்த முக்கில் நிற்க வேண்டும் என்ற உத்தரவும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர்,
காரைக்குடி