செல்விக்கு, சிங்கப்பூரிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரர் அண்ணனுக்கு இங்கே வேலை கிடைத்த சேதியைப் படித்ததும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து மறுபடி ஒருமுறை படித்தேன். கும்பகோணத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நாம் இத்தனை வருஷம் கழித்து ஒரே ஊரில் இருக்கப் போகிறோம் என்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லு! அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? உன் மாமியார் அத்தையும் உங்களோடு வந்து இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

"ரயிலில் தமிழ், ரேடியோவில் தமிழ், அங்கே நமக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டிருந்தாய். நீ சொல்வது சரிதான். தமிழ் இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. தேக்கா சந்தையில் முருங்கைக்காயிலிருந்து வாழைப்பூ வரை எல்லாம் கிடைக்கும். உன் மகன், நம் தம்பி, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கலாம். வந்து இறங்குவதற்கு நமக்கு இதைவிடச் சுலபமான வெளிநாடு இல்லை. ஆனால் இறங்குவது வேறு, காலூன்றுவது வேறு. நீ யாரோடு இருக்கலாம், என்ன வேலை பார்க்கலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அரசாங்கம் கொடுக்கும் பாஸ். தமிழ் பேசுகிறோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

அண்ணனுக்குப் படித்தவர் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்று எழுதியிருந்தாய், சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லை. மாதம் குறைந்தது 6,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், நிலையான சம்பளம் இருந்தால்தான் உன்னையும் தம்பியையும் குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸில் அழைத்து வர முடியும். பெற்றோரை நீண்டகால அனுமதியில் கொண்டுவர 12,000 வெள்ளி வேண்டும். அத்தை விஷயத்தில் சிக்கல் என்றது இதைத்தான். அதனால் ஆஃபர் லெட்டரில் என்ன போட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். அத்தை சும்மா வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போகலாம். கூடவே இருப்பார்கள் என்று நம்பி ஊரில் வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள், செல்வி. அவர்கள் வயதில் அந்த ஏமாற்றம் வேண்டாம்.

இன்னொன்று. நீ டிபென்டன்ட் பாஸில் வந்தால் அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. முன்பெல்லாம் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும் என்றிருந்தது. 2021 மே மாதத்திலிருந்து உனக்கு வேலை தருகிறவரே தனியாக ஒரு வேலை பாஸ் எடுத்துத் தர வேண்டும். பதினோராம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான் இங்கே வந்து வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. காலையில் இவரும் பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு வீடு அப்படி ஒரு அமைதியாகிவிடும். சாமான் வாங்கும் காசுக்குக்கூட ஒருவரிடம் கேட்டு நிற்பது, எவ்வளவு நல்ல புருஷனாக இருந்தாலும், நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. பிறகு ஒரு டிப்ளமா படித்து, இப்போது பாலர் பள்ளியில் தமிழாசிரியையாக என் பெயரிலேயே பாஸ் வைத்திருக்கிறேன். நீ வங்கி வேலையை ராஜினாமா செய்யாதே. நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேள்.

வாடகை வீடு தேடும்போது மனதைத் திடப்படுத்திக்கொள். வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகத்தின், அடுக்குமாடி புளோக்குகளில் வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விட ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். மலேசியர்கள் நீங்கலாக மற்ற வெளிநாட்டவர் ஒரு புளோக்கில் 11 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால் அங்கே நமக்கு வீடு இல்லை. அது சட்டம், எல்லாருக்கும் பொது. ஆனால் ஏஜென்ட் போனில், "இந்தியரா? நிறைய சமைப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடாமலே போவதும் நடக்கும். எங்களுக்கு நடந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு கிடைத்த வீட்டுக்காரர் ஒரு சீன முதியவர். நான் ரசம் வைக்கும் நாளில் வந்தால் தனக்கும் ஒரு கிண்ணம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடிப்பார்.

என் சித்தி மகன் இங்கே இருப்பது உனக்குத் தெரியுமே. துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, தங்குவது விடுதியில். நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வந்தவன். லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவான். முன்கையெல்லாம் பொறி பட்டுப் பட்டுக் கருத்த புள்ளிகள். சாப்பிட்டதும் தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மகளோடு பேசுவான். போன வாரம் அவள் முன்பல் விழுந்த வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினாள். போனுக்குள்ளேயே போய்விடுவதுபோல அவன் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். அவனும் நானும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஆனால் அவன் கையில் இருப்பது உடலுழைப்புத் தொழிலாளிகளுக்குத் தரும் ஒர்க் பெர்மிட். அதில் மனைவி மக்களை அழைத்து வர வழியே இல்லை. எத்தனை வருஷம் உழைத்தாலும் நிரந்தரவாசத்துக்கு மனுப் போடவும் முடியாது. 2020-ல் கொரோனா விடுதிகளில் பரவி அவற்றை அடைத்தபோது மாதக்கணக்கில் அவனை நான் பார்க்கவில்லை. இந்த ஊரின் கட்டடங்களையும் கப்பல்களையும் செய்து தரும் கைகளுக்குக் குடும்பத்தோடு வாழும் உரிமை இல்லை என்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. நீ வந்த பிறகு ஞாயிறு மதியம் உன் வீட்டிலும் அவனுக்கு ஒரு இலை போடு.

எங்கள் புளோக்குக்குக் கீழே சாயங்காலம் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவராம். பாட்டி பிறந்ததும் அங்கேதான். இந்தியாவை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார், அதுவும் திருப்பதிக்குப் போனபோது. முதல் நாள் என்னிடம், "நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் தூரம் இருந்தது. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நாராயண பிள்ளை என்ற தமிழர் 1819-ல், ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் காலத்தில் இங்கே வந்து, 1827-ல் மாரியம்மன் கோயிலுக்கு அடிபோட்டவர். தமிழ் முரசு நாளிதழை 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கினார், இன்றும் வந்துகொண்டிருக்கிறது. இத்தனை பேர் போராடிக் காப்பாற்றி வைத்த இடத்தில் நாம் நேற்று வந்து இறங்கியிருக்கிறோம். இங்கே உள்ளவர்கள் பேசும் தமிழைக் குறை சொல்லும் நம்மவர்களைக் கண்டால் எனக்குக் கோபமாக வரும். வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2020 கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடுதான். என் வகுப்பில் பாதிக் குழந்தைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சுத் துணையாக நம் வீட்டுப் பிள்ளைகள் வேண்டும், வாத்தியார்களாக அல்ல. இப்போது அந்தப் பாட்டி தன் பேத்தியின் வீட்டுப்பாடத்தோடு என்னிடம் வருகிறார். நான் அவரிடம் சம்பால் என்ற மிளகாய்த் துவையல் அரைக்கக் கற்றுக்கொண்டேன்.

இனி எங்கள் சேதி. நிரந்தரவாசத்துக்கு மனுப் போட்டிருக்கிறோம். இவரும் நானும் பல ராத்திரி பேசித்தான் முடிவெடுத்தோம். காரணம் பிள்ளை. அவனுக்கும் சேர்த்துக் கிடைத்தால், பதினெட்டு வயதில் இரண்டு வருஷம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்கு, போக வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால் பிறகு இங்கே படிக்கவோ வேலைக்கோ வர நினைக்கும்போது அது குறுக்கே நிற்கும். என் வயிற்றில் பிறந்தவன் துப்பாக்கி தூக்கி நிற்பதை நினைத்தால் எனக்குப் பயம்தான். ஆனால் அவன் கூட்டாளிகள் எல்லாரும் போகப்போகிறார்கள், இவன் மட்டும் ஒதுங்கி நின்றுகொண்டு இது என் ஊர் என்று எப்படிச் சொல்வான்? அவனிடமே கேட்டோம். "எல்லாரும் போறாங்கம்மா, நானும் போறேன்" என்றான். மனுவை ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் சொல்ல மாட்டார்கள். காத்திருக்கிறோம். உன் பிள்ளைக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும், இப்போதே அண்ணனோடு பேசி வை.

தம்பியின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடு. வெளிநாட்டில் பிறந்த சிறு பிள்ளைகளுக்குப் பாஸ் கேட்கும்போது தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசி போட்ட சான்று வேண்டும். அரசுப் பள்ளியில் நடுவில் சேர்க்க ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு உண்டு. தேறினாலும் இடம் இருந்தால்தான். கணக்கை என்னிடம் விடு, வாரம் இரண்டு நாள் போனிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலக் கதைப் புத்தகங்களை இன்றைக்கே வாசிக்க வை.

அண்ணனின் சம்பளத்தையும் எந்தத் தேதியில் சேர வேண்டும் என்பதையும் உடனே எழுது. அதைப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் வீடு பார்ப்பது என்று சொல்ல முடியும். அம்மாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம், தம்பிக்கு முத்தம்.

என்றும் உன்,
கலா